ஏழாவது வரி, மூன்று நட்சத்திரம்

“என் பட்டியல்ல ஒரு வரி தப்புன்னு சொல்ற ஆள் இன்னும் பொறக்கல.”

பட்டியல்காரர் இதை அறிவித்த இடம், தலைமை எழுத்தர் ஒருவரின் பணி ஓய்வு விழா. ஓய்வு பெறுபவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லித்தான் அவரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் இருபது நிமிடம் பட்டியலைப் பற்றிப் பேசினார். தலைமை எழுத்தர் மடியில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு, எங்காவது தன்னைப் பற்றி வருமா என்று கடைசி வரை காத்திருந்தார். வரவில்லை. மனிதர் அப்படியே ஓய்வு பெற்றுவிட்டார்.

பட்டியல்காரருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. முதல் பட்டியல் அச்சாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதன் முழுப்பெயர் ‘மாநிலத் தொழிலாளர் சந்தைப் போக்குகளும் தேவை மிகுந்த தொழில்களும்’. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் வேலை தேடி, சேர்ந்து, முதல் மாதச் சம்பளமும் வாங்கிவிடலாம் என்று அவருடைய எதிர்மேசைக்காரம்மா சொல்வதுண்டு. பெயர்தான் நீளமே தவிர, பட்டியல் ஒரே தாள். முன்பக்கம், ஆள் தேவைப்படும் நாற்பது தொழில்கள், வரிசைப்படி. பக்கத்தில் எத்தனை காலியிடம் என்ற எண்ணிக்கை. அதற்கும் பக்கத்தில் நட்சத்திரம். ஒன்று என்றால் தேவை, இரண்டு என்றால் மிகத் தேவை, மூன்று என்றால் கையெழுத்துப் போடப் பேனா கூட அவர்களே கொடுப்பார்கள் என்று அர்த்தம். பின்பக்கம் ‘தேய்ந்துவரும் தொழில்கள்’. அங்கே நட்சத்திரம் கிடையாது. வருஷம் பிறந்ததும் இது வெளியாகும். பயிற்சி நிலையங்கள் இதைப் பார்த்துத்தான் வகுப்புகளைத் திறக்கும், மூடும்.

தயாரிக்கும் முறையில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தில் ஒரு வேலை காலியானால், மூன்று நாளுக்குள் ஒரு மஞ்சள் அட்டையை நிரப்பி அனுப்ப வேண்டும். அட்டைகள் தொழிலாளர் துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைத் தவிர வேறெதையும் காட்டாத ஜன்னலுக்கு அருகே, இரும்பு அலமாரியில் ரப்பர் வளையம் போட்டு அடுக்கப்படும். எதிர்மேசைக்காரம்மா அவற்றைக் கணினியில் ஏற்றுவார். தொழில், மாவட்டம், தேதி. வருஷக் கடைசியில் எந்தத் தொழிலுக்கு எத்தனை அட்டை வந்ததோ, அத்தனை காலியிடம். ஒரு அட்டை, ஒரு இடம். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பட்டியல்காரர். அட்டையை வடிவமைத்தவரும் அவரே. அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் அட்டையின் அடியில் ஒரு கட்டம் மீந்துவிட்டது. வெறுமையாக விட்டால் அரசாங்க அட்டை மாதிரித் தெரியவில்லை. அதனால் அதில் ‘பணியிட எண்’ என்று போட்டார். ஒன்பது வருஷமாக நிறுவனங்கள் அந்தக் கட்டத்தைப் பொறுப்பாக நிரப்பி அனுப்பின. ஒன்பது வருஷமாக அதை ஒருவரும் படிக்கவில்லை. கணினியில் அதற்கு இடமும் இல்லை.

சொந்தக்காரர்கள் நடுவே அவருடைய செல்வாக்கு எந்த மருத்துவருக்கும் இருந்ததில்லை. பிள்ளைகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வரன் பார்க்கிறவர்களும் வருவார்கள். மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். “முன்பக்கமா, பின்பக்கமா?” என்பார். முன்பக்கம் என்றால் பெண்ணைக் கொடுக்கலாம். பின்பக்கம் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். வந்தவர்கள் எழுந்துகொள்வார்கள்.

பின்பக்கத்தின் பலனை முதலில் அனுபவித்தவன் அவருடைய மனைவியின் தம்பி, அதாவது அவருடைய மச்சான். அவர்கள் வீட்டிலேயே பின்னறையில் இருந்தான். பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலை. நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அந்தச் சந்தையில் அவன் வெகு காலமாகப் பின்பக்கத்தில்தான் இருந்தான். ஏழாவது பட்டியல் வெளியான அன்று, சாப்பிடும்போது பட்டியல்காரர் சொன்னார்:

“மச்சான், ஒரு விஷயம் சொல்றேன், சாப்பாட்டை நிறுத்தாத. உன் வேலை இந்த வருஷம் பின்பக்கம் வந்திருக்கு. பதினாலாவது.”

“பயணச்சீட்டு குடுக்கறது எப்படி மாமா தேயும்? ஜனங்க பஸ்ல ஏற மாட்டாங்களா?”

“ஏறுவாங்க. நீ இருக்க மாட்ட.”

“சாப்பிடற இடத்துல பேசற பேச்சாங்க இது?” என்று அவர் மனைவி கரண்டியை வைத்தார்.

மச்சான் சிரித்தான். பதினோரு மாதம் கழித்து, அவன் உட்கார்ந்திருந்த கூண்டை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரத்தை நிறுத்தினார்கள். அது கேட்ட சில்லறையை முகம் சுளிக்காமல் கொடுத்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனால் அதோடு போட்டி போடவே முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டான். சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், வாசலிலேயே பட்டியல்காரரைப் பார்த்து, “நீங்க சொன்னீங்க மாமா, சொன்ன மாதிரியே நடந்துடுச்சு” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, பக்தி இருந்தது. பட்டியல்காரருக்கு அன்றைக்கு வருத்தமும் பெருமையும் சேர்ந்து வந்தன. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

அதன்பின் மச்சான் வேலை தேடினான். தேடினான் என்றால், பதினாலு மாதம் தேடினான். முதல் நான்கு மாதம் காலையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். பிறகு குளித்தான், சட்டை மாற்றினான், கிளம்பவில்லை. பிறகு குளித்தான்.

“ஊருக்கெல்லாம் வேலை சொல்றீங்க” என்றார் மனைவி ஒருநாள். “வீட்டுல ஒருத்தன் செவுத்தைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கான். அந்தத் தாள்ல அவனுக்கு ஒரு இடம் இல்லையா?”

பட்டியல்காரர் ஒன்பதாவது பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார். செவிலியர்: வயது தாண்டிவிட்டது. வெல்டர்: கண் போதாது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. விரல் ஏழாவது வரியில் நின்றது. குளிர்கிடங்குப் பணியாளர். இருநூற்று நாற்பது இடம். மூன்று நட்சத்திரம். படிப்பு தேவையில்லை, மூன்று மாதப் பயிற்சி போதும்.

“இருநூத்து நாப்பது மச்சான்! ஆள் இல்லாம கதவைத் திறந்து வச்சுட்டுக் காத்துட்டு இருக்காங்க.”

“குளிர்கிடங்குல கதவைத் திறந்து வைப்பாங்களா மாமா?”

“பேச்சுக்குச் சொன்னேன்யா.”

“குளிர் ரொம்ப இருக்குமோ?”

“கோட்டு குடுப்பாங்க.”

அவன் போய்ப் பயிற்சியில் சேர்ந்தான். முப்பத்திரண்டு பேர் கொண்ட வகுப்பில் அவன்தான் மூத்தவன். முடித்துச் சான்றிதழ் வாங்கினான். மாநிலத்தில் அப்படிப்பட்ட பெரிய கிடங்கு ஒன்றே ஒன்றுதான். நகரத்து எல்லையில், ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதும் வேலை. உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. நியமன ஆணையை மச்சான் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினான். பட்டியல்காரர் அதை வாங்கி, படிக்கும் பழக்கத்தில் கடைசி எழுத்து வரை படித்தார். பணியிட எண்: பதினொன்று.

அன்று சமையலறையில் மனைவியிடம் சொன்னார்: “மூணு வாரம். அதுக்கு மேல தாங்க மாட்டான் உன் தம்பி. எழுதி வச்சுக்கோ.”

இவ்வளவு உறுதியாகச் சொன்னவர், மறுவாரத்திலிருந்து ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். கிடங்கிலிருந்து வரும் மஞ்சள் அட்டைகளை, ஏற்றுவதற்கு முன்னால் தன் மேசைக்கு வரவழைத்து, அடியில் இருக்கும் அந்தக் கட்டத்தைப் பார்ப்பார். பதினொன்று வந்தால் மச்சான் ஓடிவிட்டான் என்று வீட்டுக்குத் தெரியும் முன்னரே அவருக்குத் தெரிந்துவிடும். வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது அவருடைய முகம் தேர்வு முடிவு பார்க்கும் தகப்பன் முகம் மாதிரி இருந்தது என்று எதிர்மேசைக்காரம்மா பின்னால் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தை ஒருவர் படித்தது அப்போதுதான்.

முதல் வாரம் வந்தவை: நான்கு, ஒன்பது, பதினேழு. மூன்றாவது வாரம்: இரண்டு, எட்டு, பன்னிரண்டு. பதினொன்று இல்லை. ஐந்தாவது வாரம்: நான்கு, பதினேழு. பதினொன்று இல்லை. பட்டியல்காரர் அன்று வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. சமையலறையில் மச்சான் அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்தான். “டேய், சூடுடா!” என்று அக்கா கத்தினார். “அப்படியா?” என்றான் அவன்.

“பாத்தியா?” என்றார் பட்டியல்காரர் மனைவியிடம். “வேலை ஒரு மனுஷனை எப்படி உறுதியாக்குதுன்னு பாத்தியா?”

நான்காவது மாதம் அவருக்கு ஒரு எரிச்சல் வந்தது. நான்காம் எண்ணுக்கு மட்டும் மூன்றாவது அட்டை வந்திருந்தது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதும் கிடங்கு எழுத்தரின் அலட்சியத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

“நாலாம் நம்பர் அட்டை மூணு தடவை வந்திருக்கு. அட்டையை நிரப்பறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்கற பழக்கம் உண்டா உங்களுக்கு?”

“தப்பில்ல சார்” என்றார் கிடங்கு எழுத்தர். மிகவும் பணிவான குரல். “நாலாம் நம்பர்ல ஒருத்தர் வந்தார், போயிட்டார். இன்னொருத்தர் வந்தார், அவரும் போயிட்டார். மூணாவது ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்தான், டப்பாவைக் கூட எடுக்க வரல.”

“மொத்தம் எத்தனை பேர் வேலை செய்யறாங்க அங்க?”

“பதினெட்டு சார்.”

“போன வருஷம் இருநூத்து நாப்பது காலியிடம்னு அனுப்பியிருக்கீங்களே?”

“பதினெட்டு இடம்தான் சார். இருநூத்து நாப்பது தடவை காலியாச்சு. ஒவ்வொரு தடவையும் அட்டை அனுப்பணும்னு நீங்கதானே சார் சுற்றறிக்கை விட்டீங்க? நாங்க ஒண்ணு கூட விடறதில்ல.” பாராட்டு வரும் என்று எழுத்தர் கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை என்றதும் தொடர்ந்தார்: “பதினோராம் நம்பர் மட்டும் அசையவே இல்ல சார். எங்க மேனேஜர் தினமும் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறார்.”

பட்டியல்காரர் தொலைபேசியை வைத்தார். கையிலிருந்த நான்காம் எண் அட்டையை ரப்பர் வளையத்தில் செருகினார், உருவினார், மறுபடி செருகினார்.

“சார், உடம்பு சரியில்லையா?” என்றார் எதிர்மேசைக்காரம்மா.

“மேடம், அந்தப் பணியிட எண் கட்டத்தை நாம ஏன் கம்ப்யூட்டர்ல ஏத்தல?”

“நான் கேட்டேனே சார், முதல் வருஷமே. அது அழகுக்குன்னு சொன்னீங்க.”

போன வருஷத்துக் கிடங்கு அட்டைகளை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். எதிர்மேசைக்காரம்மா எண்ணைப் படிக்க, பட்டியல்காரர் ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டார். இருநூற்று நாற்பது அட்டை. பதினெட்டுக்கு மேல் ஒரு எண்ணும் வரவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு கோடு. மூன்று நட்சத்திரம் என்பது இதுதான். அதிகம் பேர் வேண்டியிருக்கும் வேலை என்று அவர் நாட்டுக்குச் சொன்னது, அதிகம் பேர் தப்பி ஓடிய வேலை. எவ்வளவு வேகமாக ஓடினார்களோ அவ்வளவு மேலே ஏறியிருந்தது. ஓடியவர்களின் இடத்தை நிரப்ப, அவருடைய தாளைப் படித்தே இன்னும் பலர் வந்தார்கள். அவர்களும் ஓடி, வரியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்கள். மாநிலத்திலேயே ஓயாமல் ஓடும் ஒரே இயந்திரம் அதுதான். அதற்கு எண்ணெய் விட்டது இவர்.

மற்ற முப்பத்தொன்பது வரிகளையும் இப்படிப் பார்க்கலாமா என்று எதிர்மேசைக்காரம்மா கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இருவருமே நல்ல மனிதர்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அவர் மச்சானின் கையைப் பார்த்தார். நான்கு மாதமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட கைதான். விரல் நுனிகள் மெழுகு நிறத்தில் இருந்தன. மச்சான் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு அதை முதலில் குனிந்து பார்த்தான், பிறகு விரலைப் பார்த்தான், பிறகு இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தான். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களின் பொறுமை அதில் இருந்தது. கொதிக்கும் பாத்திரம் பட்டியல்காரரின் நினைவுக்கு வந்தது. தான் அப்போது சொன்ன வார்த்தையும் வந்தது.

பின்னறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மச்சான், விட்டுடு.”

“எதை மாமா?”

“வேலையை.”

மச்சான் சிரித்தான். “மூணு வாரம்னு சொன்னது நீங்கதானே? நாலு மாசம் ஆச்சு.”

“அது உனக்குக் கேட்டுடுச்சா?”

“இந்தச் செவுரு வழியா நீங்க யோசிக்கறதே கேட்கும் மாமா.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன். இந்த ரெண்டு விரல் நுனி இனி திரும்பாதாம். மத்ததெல்லாம், குளிர் பக்கமே போகாம இருந்தா சரியாயிடுமாம். போய்ட்டே இருந்தா அதுவும் போயிடுமாம். இந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணுன்னார். அங்க என்ன மாமா குளிர்காலம், வெயில்காலம்.”

“அப்புறம் எதுக்குடா போற?”

“எங்க போறது? பின்பக்கத்துக்கா?” மச்சான் கையை மடியில் வைத்துக்கொண்டான். “பதினாலு மாசம் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீங்களும் பேருக்குத்தான் ஏதாவது சொன்னீங்க. இது ஏழாவது வரி மாமா, மூணு நட்சத்திரம். இதுலயே நிக்க முடியலன்னா குறை வேலைமேல இல்ல, என்மேலன்னுதானே அர்த்தம்? எல்லாரும் ஓடறாங்க. நானும் ஓடினா நானும் அவங்களும் ஒண்ணு. உங்க தாளும் பொய்யாயிடும்.”

அந்த இடத்தில் பட்டியல்காரர் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். அவர் வாயில் வந்தது இது: “பட்டியல்ல சில அம்சங்களை மறுபடி கவனிக்க வேண்டியிருக்கு.”

“அப்ப கவனிச்சு மாத்துங்க” என்றான் மச்சான். “அது மாறினா நானும் மாறறேன். அது அச்சுல இருக்கறவரைக்கும், வேலையை விட்டா நான் பாதியில ஓடினவன்தான். விளக்கை அணைச்சுட்டுப் போங்க மாமா, காலைல வேன் வந்துடும்.”

மறுநாள் பட்டியல்காரர் ஒன்றரைப் பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனார். இயக்குநரின் மேசைமேல் பத்தாவது பட்டியலின் கட்டுகள் இருந்தன. மை வாசனை இன்னும் போகவில்லை. பத்தாவது என்பதால் தாளின் ஓரத்தில் தங்க நிறக் கோடு போட்டிருந்தார்கள். குளிர்கிடங்கு இதிலும் ஏழாவது வரியில், அதே மூன்று நட்சத்திரத்தோடு இருந்தது.

“எட்டாயிரம் பிரதி” என்றார் இயக்குநர், குறிப்பைப் படித்துவிட்டு. “பயிற்சி நிலையங்களுக்கு நேத்தே பாதி போயாச்சு. இப்ப போய்…”

“திருத்தம்னு ஒரு சின்னச் சீட்டு வைக்கலாம் சார்.”

“பத்தாவது வருஷம். பத்தாவது வருஷத்துல ஒன்பது வருஷமும் தப்புன்னு சீட்டு வைக்கச் சொல்றீங்க.”

“ஏழாவது வரி மட்டும் சார்.”

“இன்னிக்கு ஏழாவது. நாளைக்கு எவனாவது ஆறாவதைக் கேட்பான். உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?”

“நாலு.”

“நிம்மதியா முடிங்க.” இயக்குநர் குறிப்பை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பிரச்சினையை ஆழ்ந்து ஆராய்ந்தவர் போல மோவாயைத் தடவிக்கொண்டார். “ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை அட்டை அச்சடிக்கறப்போ அந்தப் பணியிட எண் கட்டத்தை எடுத்துடுங்க. தேவையில்லாத கட்டம். அதனாலதான் இவ்வளவும்.”

திங்கட்கிழமை பட்டியல்காரர் விடுப்பு எடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினார். முப்பது வருஷப் பணியில் அவர் விடுப்புக் கடிதத்தில் முழு உண்மையை எழுதியது அன்றுதான் என்று சொல்கிறார்கள்.

பயிற்சி நிலையம் பெரிய சாலையில், கிடங்கு வேன் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. காலை ஏழு மணிக்கே கதவுக்கு வெளியே வரிசை நின்றது. கையில் கோப்பு, கோப்புக்குள் சான்றிதழ், அதற்கு மேல் தங்கக் கோடு போட்ட தாள். அவருடைய வாசகர்களை அவர் மொத்தமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு அமைதியாக இருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வரிசையின் முதலில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். பட்டியல்காரர் அவரிடம் போனார்.

“குளிர்கிடங்குப் பயிற்சிக்கா நிக்கறீங்க?”

“ஆமா. வரிசை அங்க முடியுது, பின்னால போங்க.”

“நான் நிக்க வரல. அந்த ஏழாவது வரி தப்பு. அங்க அவ்வளவு இடம் இல்ல. பதினெட்டுதான். அதுவே திரும்பத் திரும்ப…”

தொப்பிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க எத்தனாவது ஆளு?”

“என்னது?”

“வரிசையில எத்தனாவது? கடைசியில வந்திருப்பீங்க. நாலு பேரைக் கிளப்பி விட்டா நமக்கு இடம் கிடைக்கும்னு பாக்கறீங்க. போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான், உள்ள பேய் இருக்குன்னு சொல்லிட்டுப் போய் அவரே சேர்ந்துட்டார்.”

வரிசையில் சிரிப்பு ஓடியது. பின்னால் நின்ற பெண் ஒருவர், “அரசாங்கமே போட்டிருக்கு. இவர் வந்துட்டார் தப்புன்னு சொல்ல” என்றார்.

“அரசாங்கம் போடலம்மா. நான் போட்டேன்.”

“ஓ, நீங்கதான் அரசாங்கமா? வெளியில வந்தா நாலு போலீஸ்காரங்களையாவது கூட்டிட்டு வரக் கூடாதா?”

இந்த முறை சிரிப்பு கடைசி ஆள் வரை போய்த் திரும்பியது. மேடையில் இருபது நிமிடம் பேசத் தெரிந்த மனிதருக்குத் தெருவில் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தொப்பிக்காரரிடம், “அந்தத் தாளைக் குடுங்க” என்றார். தாளைச் சுவரில் வைத்து, ஏழாவது வரியின்மீது ஒரு கோடு இழுத்தார். நட்சத்திரங்களையும் விடவில்லை. ஓரத்தில் ‘தவறு’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

பட்டியலின் அடியில் ‘தயாரித்தவர்’ என்று ஒரு கையெழுத்து அச்சாகியிருக்கும். தொப்பிக்காரர் அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“சார், நீங்களே எழுதி நீங்களே அடிக்கறீங்களா?”

“ஆமா. தப்பா எண்ணிட்டேன்.”

“எப்படித் தெரிஞ்சது?”

அவர் கோடு போட்ட கணக்கைச் சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு. “என் மச்சான் உள்ள இருக்கான். ரெண்டு விரல் போயிடுச்சு.”

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தன் தாளை நீட்டினார். அடுத்தவர் நீட்டினார். பட்டியல்காரர் ஒவ்வொரு தாளாக வாங்கிச் சுவரில் வைத்து அடித்து, எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டே போனார். சிலர் தாளை மடித்துக்கொண்டு நடந்துவிட்டார்கள். சிலர் வேறு வகுப்புக்கான வரிசை எது என்று விசாரித்தார்கள். நடு வயதுக்காரர் ஒருவர் அடித்த தாளை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.

“புரியுதுங்க. ஆனா அந்தப் பதினெட்டுல ஒண்ணு எனக்குக் கிடைச்சாலும் போதும். எனக்கு நட்சத்திரம் வேண்டாம் சார், வேலை வேணும்.”

பட்டியல்காரர் அவருடைய கையைத் தொட்டார். “கையுறையை ரெண்டா போடுங்க” என்றார்.

முப்பதுக்கு மேல் கையெழுத்துப் போட்டிருப்பார். பேனா பிடித்த விரல் வலித்தது. அடுத்த தாளுக்காகத் தலை நிமிராமலே கையை நீட்டினார். தாள் கைக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். கிடங்குக் கோட்டு போட்ட ஒருவன், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்நிறுத்தத்தில் வேன் வந்து நின்றிருந்தது.

“எவ்வளவு நேரமா நிக்கற மச்சான்?”

“நீங்க அந்தத் தொப்பிக்காரர்கிட்ட திட்டு வாங்கினதுல இருந்து.”

“கேட்டியா எல்லாத்தையும்?”

“கேட்டேன்.” மச்சான் தாளை முன்னே கொண்டுவந்தான். “எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க மாமா.”

பட்டியல்காரர் தாளைச் சுவரில் வைத்தார். கோடு நேராக வரவில்லை. ‘தவறு’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மச்சான் அதை வாங்கி, விரல்களால் மடிக்கப் பார்த்து, பிறகு மார்போடு வைத்து உள்ளங்கையால் அழுத்தி மடித்தான்.

வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. மூன்றாவது தடவை அடிக்காமல் கிளம்பியது.